அவள் பெயருக்கு வந்த சம்மன்

ஜனவரி 8

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. வீட்டில் உன் அம்மா நலம். மாத்திரைகளை வேளை தவறாமல் போடுகிறார்கள். நானும் ஓடிக்கொண்டிருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு விஷயம்.

நேற்று கோர்ட்டிலிருந்து ஒருவர் சம்மன் கொண்டுவந்தார். உன் அக்காவின் முழுப்பெயரை வாசித்துவிட்டு, "இந்தம்மா இருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். "எப்ப வருவாங்க?" என்றார். சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அப்ப யார் சார் கையெழுத்து போடறது?" என்றார். நான் போட்டேன்.

வீட்டு நெட் கனெக்‌ஷன் அவள் பெயரில் இருக்கிறது. போன ஆகஸ்டில் அவள் போன பிறகு நான் மாற்றவில்லை. ஆஸ்பத்திரி மெஷின்களைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொள்ளும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் சர்வருக்குள் யாரோ நுழைந்தது அந்த கனெக்‌ஷனிலிருந்துதான். அவர்களுடைய காகிதத்தில் முதலில் இருந்தது உன் அக்கா பெயர். உன் பெயர் அப்புறம்தான் வந்தது.

உன்னை ஒப்படைக்கச் சொல்லி அந்த நாடு கேட்கிறது, இங்குள்ள கோர்ட்தான் முடிவு செய்யும் என்கிறார் வக்கீல். ஜெயிலில் பார்வை நேரத்துக்கு, பெற்ற தாய் என்று அத்தையை மட்டுமே அனுமதிக்கிறார்கள். அதனால் நாம் இருவரும் கடிதத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கம் வருகிறதா என்று எழுது.

இப்படிக்கு,
அத்தான்

*

ஜனவரி 25

அத்தானுக்கு வாலு எழுதறது. கும்பிடறேன்.

எழுத்துத் தமிழ் எனக்கு வராது, பேசற மாதிரியே எழுதறேன். அக்கா இருந்தா சிவப்பு மையில திருத்தியிருப்பா. உடம்புக்கு ஒண்ணுமில்லை, முதுகுதான் தரையோட ஒத்துப்போக மாட்டேங்குது. இதை உங்களுக்கு முன்னாடியே படிக்கிற வார்டன் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?

ரூம்ல நாலு பேர். ஒருத்தர் பூட்டு உடைக்கிறதுல பெரிய கை. முதல் நாளே என்னைக் கேட்டார்: "தம்பி, நான் இந்த ஊர்ல பூட்டை உடைச்சேன், இந்த ஊர் ஜெயில். நீ இங்க உக்காந்துக்கிட்டு அங்க இருக்கற பூட்டை உடைச்சிருக்கே. நீ எந்த ஊர் ஜெயில்?" அதைத்தாண்ணே ஜட்ஜும் யோசிக்கிறாருன்னு சொன்னேன். "நான் உக்காந்து வேலை செஞ்சதே இல்லடா"ன்னு ரொம்ப வருத்தப்பட்டார்.

ஒண்ணு கேக்கணும் அத்தான். பரண்ல, பழைய ஃபேன் வந்த அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு லேப்டாப் இருந்துச்சு. போலீஸ் வேற எங்கயும் தேடலை, நேரா ஸ்டூலைப் போட்டு அதை எடுத்தாங்கன்னு அம்மா சொன்னா. அம்மாவால பரண் ஏற முடியாது. அக்கா இல்லை. நான் சொல்லலை. மீதி யாருன்னு யோசிக்க எனக்குப் பிடிக்கலை.

நீங்க சாப்பிடறதே இல்லையாமே. அம்மா சொன்னா. உடம்பைப் பாத்துக்கங்க.

வாலு

*

பிப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் அப்படியே இருக்கிறோம். முதுகுக்கு ஒரு போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டாம், கேட்டுப் பார்.

பரணைக் காட்டியது நான்தான். "வேற கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காத எதையும் சொல்லவில்லை. உன் அக்கா போனதிலிருந்து எனக்குப் பொய் சொல்லும் அளவுக்குத் தெம்பு இல்லை.

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் இப்போது மதியச் சாப்பாட்டுக்கு நீதான் தொட்டுக்கொள்ள. "அனுப்பித்தான் ஆகணும். அடிபட்டவன் அங்க இருக்கான், விசாரணை மட்டும் இங்கயா?" என்கிறார் எலக்ட்ரீஷியன். "நம்ம பையன் தப்பு பண்ணா நாமதான் முதுகுல ரெண்டு வைக்கணும். அவனுங்க சட்டம், அவனுங்க பாஷை. இவன் என்ன சொல்றான்னு அங்க யாருக்குப் புரியும்?" என்கிறார் கணக்காளர். பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். நான் கம்ப்யூட்டர் திரையில் அறைகளின் வெப்பநிலையைப் பார்ப்பேன். எல்லா அறையும் பூஜ்யத்துக்குக் கீழே சரியாக இருக்கும்.

குற்றப்பத்திரிகையைப் படித்தேன். அதில் உள்ள தேதியும் நேரமும் அவர்கள் ஊர்க் கணக்கு. அவர்கள் இரவு நமக்குப் பகல். மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நீ அந்த சர்வருக்குள் இருந்த நேரம், உன் அக்கா போன அன்று காலை. நானும் அத்தையும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வேலைக்குப் போயிருப்பதாக நீ போனில் சொன்னாய்.

அன்று காலை நீ எங்கே இருந்தாய்?

உடம்பைக் கவனித்துக்கொள். கொசு இருக்கிறதா?

அத்தான்

*

மார்ச் 19

அத்தானுக்குக் கும்பிட்டு எழுதறது,

நல்லா இருக்கேன். போர்வை கிடைச்சுது. கொசு இருக்கு, ஆனா நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுத்துடுது. உங்களுக்கு ஓயாத தலைவலின்னு அம்மா சொன்னா, விட்டுச்சா?

பதில் போட நாளாச்சு, கோவிச்சுக்காதீங்க. பேனா தீந்துபோச்சு. அப்புறம் பூட்டுக்காரருக்கு ஜாமீன் கிடைச்சு ஒரே அமர்க்களம். போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்க அனுப்பினாலும் தைரியமா இரு. எல்லா ஊர்லயும் பூட்டு ஒண்ணுதான்"னு சொல்லிட்டுப் போனார். நல்ல மனுஷன். ரெண்டு வாரத்துல திரும்பி வந்துட்டார்.

அம்மா போன தடவை வந்தப்ப கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு என் விரலை மட்டும் தொட்டா. அங்க அனுப்பிட்டா அந்த விரலும் இல்லை. அவளால ப்ளேன் ஏறி வர முடியுமா? அங்க இருபது வருஷம் போடுவாங்களாம். நான் வெளியில வரப்ப அவ இருப்பாளா? இதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

பரண் விஷயத்தை விட்டுட்டேன். நீங்களும் விட்டுடுங்க.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

வாலு

*

மார்ச் 28

மச்சானுக்கு,

இருவரும் நலம். தலைவலி விட்டது. நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொசு, பேனா, பூட்டுக்காரர் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். கேட்டதை மட்டும் எழுதவில்லை. நான் விடவில்லை.

அத்தான்

*

ஏப்ரல் 24

அத்தான்,

நீங்களும் அம்மாவும் சுகமா இருக்கணும். எனக்கு நாலு நாளா ஜுரம், இப்ப தேவலை.

அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். கதவைச் சாத்திக்கிட்டு.

மீதியையும் சொல்லிடறேன். நான் உள்ள போன கம்பெனி, நம்ம ஆஸ்பத்திரியோட ரத்த டெஸ்ட் மெஷினையும் சேர்த்துத்தான் பாத்துக்குது. நான் உள்ள எதையோ மாத்தப்போய் அரை நாள் எல்லாம் படுத்துடுச்சு. அக்காவோட ரத்த ரிசல்ட் அன்னிக்கு லேட்டா வந்துச்சுன்னு நீங்கதானே அழுதீங்க. ரிசல்ட் வந்தா மருந்தை மாத்தலாம்னு டாக்டர் நின்னுக்கிட்டிருந்தாருன்னு சொன்னீங்க. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. இதுக்கு மேல என் கையால எழுத வரலை.

வக்கீல் உங்களை வந்து பாப்பார். அவர் சொல்றதைக் கேளுங்க.

உடம்பைப் பாத்துக்கங்க.

வாலு

*

மே 5

அன்புள்ள மச்சானுக்கு,

ஜுரம் முழுதாக விட்டதா? மாத்திரை கொடுத்தார்களா? அத்தைக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கியது. பயப்பட ஒன்றுமில்லை.

நீ எழுதுவதற்கு முன்பே எனக்கும் அது தோன்றிவிட்டது. உன் கையால் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வக்கீல் வந்தார். சோபாவில் உட்காராமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். பேப்பர் பரப்ப வசதியாம். "இவன் செஞ்சதால இந்த நாட்டுலயே ஒரு உயிர் போயிருக்குன்னு நீங்க புகார் குடுக்கணும் சார். இங்க அவ்வளவு பெரிய கேஸ் இருந்தா அதை முடிக்காம அனுப்ப மாட்டாங்க. முடியப் பல வருஷம் ஆகும். அதுக்குள்ள அவங்களும் களைச்சுப் போயிடுவாங்க" என்றார். உன்னைக் காப்பாற்ற நான் உன்மேல் கொலைப்பழி போட வேண்டும். அதுவும் புருஷன் என்ற முறையில் நான் போட்டால்தான் நம்புவார்களாம். "நீங்க சிஸ்டம் இன்ஜினீயர் வேற. நீங்க சொன்னா எடுபடும்" என்றார்.

அத்தை சமையலறைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீல் போனதும், "பொண்ணு போயிட்டா. அவளை வெச்சு இவனையாவது நிறுத்திக்கலாம்ல மாப்பிள்ளை?" என்றார்கள்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. உன் கடிதம் வந்ததிலிருந்து நான் நன்றாகத் தூங்குகிறேன். ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான். அவள் சும்மா போகவில்லை, ஒருவன் காரணம் என்று தெரிந்ததும் உடம்பு இளகிவிட்டது. அந்த ஒருவன் நீ என்பதுகூட உறுத்தவில்லை. கிடங்கில் இரண்டு தடவை சிரித்தேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார்.

அதனால்தான் சந்தேகம் வருகிறது. இது உனக்கும் வசதியாக இருக்கிறது, அத்தைக்கும் வசதியாக இருக்கிறது, எனக்கும் வசதியாக இருக்கிறது. எல்லாருக்கும் இப்படி வசதியாக ஒரு உண்மை வருமா? கையெழுத்துப் போடும் முன் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய் வருகிறேன்.

வெந்நீர் கிடைத்தால் குடி.

அத்தான்

*

மே 21

அன்புள்ள மச்சானுக்கு,

உன் உடம்பு தேறிவிட்டதாக வக்கீல் சொன்னார். இங்கே என் உடம்பு நலம். அத்தையின் உடம்பும் நலம். ஆனால் அவர்கள் என்னோடு பேசுவதில்லை. காரணம் கீழே.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறைக்குப் போனேன். அங்கே ஒரு டெக்னீஷியன் அம்மா. அந்தக் கம்பெனி சர்வர் படுத்த நாளைப் பற்றிக் கேட்டேன். "ஊர்ல எல்லா மெஷினும் நின்னுபோச்சு சார், எங்களுது ஓடிச்சு. பெரிய டாக்டரே வந்து பாத்துட்டுப் போனார், மறக்குமா?" என்றார்.

எப்படி ஓடியது என்றேன். மெஷினுக்குப் பின்னால் கூட்டிப்போனார். கம்பெனியோடு பேசுவதற்கான ஒயர் சுவரிலிருந்து வருகிறது. அதன் மறுமுனை மெஷினில் இல்லை. சுருட்டிக் குழாயில் கட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் மேஜை துடைக்கிற துணியைக் காயப் போட்டிருக்கிறார்கள். "மாட்டி வெச்சா அவன் பாட்டுக்கு நட்டநடுப் பகல்ல அப்டேட்டுனு மெஷினை நிறுத்திடறான் சார். நோயாளிக்கு யார் பதில் சொல்றது? சர்வீஸ் ஆள் வர்ற அன்னிக்கு மட்டும் மாட்டுவோம். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இப்படித்தான். எல்லா லேப்லயும் கொஞ்ச பேர் இதைப் பண்ணுவோம், வெளியில சொல்ல மாட்டோம்" என்றார்.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். என் மனைவியின் ரிசல்ட் ஏன் லேட் என்று. எடுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "லேட் இல்ல சார். வர்ற நேரத்துக்குத்தான் வந்திருக்கு. காத்துக்கிட்டிருக்கறவங்களுக்கு எப்பவும் லேட்டாதான் தெரியும்."

ஆஸ்பத்திரி வாசலில் பைக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உனக்குச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இது. உன் அக்கா உன்னால் போகவில்லை. யாராலும் போகவில்லை.

அதனால் நான் கையெழுத்துப் போடவில்லை. வக்கீல், "ஒயரைப் பத்தி உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியும், அதுதான் பிரச்சினை என்றேன். அவர் விட்டுப்போன காகிதத்தில் அந்த நாட்டிலிருந்து ஒரு பெண்ணின் வாக்குமூலம் இருக்கிறது. அவள் புருஷன் பஸ் ஓட்டுநர். அதே நாள், அதே கம்பெனி மெஷின், ரிசல்ட் வரவில்லை, போய்விட்டார். 'இதைச் செய்தவனின் முகத்தைப் பார்க்க வேண்டும்' என்று ஒரே வரி. அவளிடமிருந்து உன் முகத்தை மறைக்க என் மனைவியைத் திரையாகக் கட்டச் சொல்கிறீர்கள், நீயும் வக்கீலும். என்னால் முடியாது.

ஒன்றே ஒன்று. அந்தக் கடிதத்தை எழுதியபோது நீ அதை நம்பினாயா?

உடம்பைக் கவனித்துக்கொள். மனதார எழுதுகிறேன்.

அத்தான்

*

ஜூலை 6

அத்தானுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கணும். நான் இருக்கேன்.

கோர்ட் முடிவு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அனுப்பச் சொல்லிட்டாங்க. ஸ்வெட்டர் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. இந்த வெயில்ல அதைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பூட்டுக்காரர், "நல்ல கம்பளிடா"ன்னு தடவிப் பாத்தார்.

ஒன்றரை மாசமா உங்க கடிதத்துக்குப் பதில் போடலை. முதல்ல உங்களைத் திட்டி எழுதினேன், கிழிச்சேன். அப்புறம் ஒண்ணும் எழுத வரலை.

அந்தக் கதையை வக்கீல்தான் சொன்னார். "இப்படி நடந்திருக்க வாய்ப்பு இருக்கில்ல?"ன்னார். இருக்குன்னேன். எழுதிக் குடுத்தேன். எழுதற வரைக்கும் நம்பலை. எழுதின பிறகு அதைத் தவிர வேற எதையும் நம்ப முடியலை. எந்த ஆஸ்பத்திரியில எந்த ஒயர் மாட்டியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடிதத்துல ஜுரம்னு சும்மாதான் எழுதினேன், எழுதி முடிச்ச பிறகுதான் நிஜமாவே வந்துச்சு. உங்க கடிதம் வந்த அன்னிக்கு உங்களைத் திட்டினேன்னேன் இல்லையா, அதோட முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன்.

ஏன் அந்தக் கம்பெனிக்குள்ள போனேன்னு யாரும் கேக்கலை. ஆஸ்பத்திரியில ஒரு மெஷின்மேல அந்தப் பேர் ஒட்டியிருந்துச்சு. அக்கா ரிசல்ட்டை டாக்டருக்கு முன்னாடியே பாக்கலாம்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில வந்து உக்காந்தா என்னால எதையும் திறக்க முடியாது அத்தான். வீட்டுல உக்காந்தா எதையாவது திறக்கலாம். அவ்வளவுதான்.

அம்மாகிட்ட நீங்களே போய்ப் பேசுங்க. அவளா பேச மாட்டா.

வாலு

*

செப்டம்பர் 30

அத்தானுக்கும் அம்மாவுக்கும் கும்பிட்டு,

இங்க வந்து சேர்ந்தேன். குளிர்தான், ஆனா ஹீட்டர் இருக்கு. தமிழ் படிக்கிற ஆளைத் தேடிப் புடிச்சுத்தான் என் கடிதத்தைப் பிரிப்பாங்களாம், அதனால நாளாகும். அவருக்கும் வணக்கம்.

கோர்ட்டுல அந்த பஸ் ஓட்டுநரோட சம்சாரம் வந்திருந்தாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நிமிரச் சொன்னாங்க. நிமிர்ந்தேன். பாத்துக்கிட்டே இருந்தாங்க. மொழிபெயர்ப்பு பண்றவருக்கு அரை மணி நேரம் வேலையே இல்லை.

அந்தச் சாவையும் என் கணக்குலதான் எழுதியிருக்காங்க. இங்க கோர்ட் குடுத்த வக்கீல் ஒரு பொம்பளை. உனக்காகச் சாட்சி சொல்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. எங்க அத்தான் இருக்காருன்னேன். அவர் உனக்குச் சாதகமா பேசுவாரான்னாங்க. தெரியாது, ஆனா ஒயர் எங்க தொங்குதுன்னு போய்ப் பாப்பாருன்னேன். அவங்களுக்குப் புரியலை. உங்க மே மாசக் கடிதத்தைச் சொன்னேன். எழுந்து நின்னுட்டாங்க. இங்க பஸ் ஓட்டுநர் இருந்த ஆஸ்பத்திரியில மெஷின் பின்னாடி யாரும் போய்ப் பாக்கவே இல்லையாம்.

வருவீங்களா? பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் வாங்க.

அம்மாவுக்கு மாத்திரை மாத்தி எழுதியிருக்காங்களா?

வாலு

*

அக்டோபர் 27

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தைக்கு மாத்திரையை மாற்றவில்லை, அளவைக் குறைத்திருக்கிறார்கள். நல்ல அறிகுறி. எனக்கும் பசிக்கிறது.

அந்த வக்கீல் அம்மாவின் கடிதமும் வந்தது. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கணக்காளர் லீவு பாரத்தை வாங்கிக்கொண்டு, "அவனை அங்க அனுப்பக்கூடாதுன்னு சொன்னேன், இப்ப உங்களையும்ல அனுப்பறோம்" என்றார்.

அக்காவின் ரிசல்ட்டைப் பார்க்கத்தான் உள்ளே போனேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்க நன்றாக இருக்கிறது. நீ எழுதியவற்றில் கேட்க நன்றாக இருந்த ஒன்று ஏற்கெனவே பொய்யாகிவிட்டது. அதனால் இதை நான் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. அங்கே கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். நீ வருத்தப்படாதே.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த மெஷினுக்குப் பின்னால் போய் நின்று, அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டு, பார்த்ததைச் சொல்வேன். ஒயர் அன்று கழன்று தொங்கியிருந்தால் பஸ் ஓட்டுநரின் மனைவியிடம் நானே போய்ச் சொல்கிறேன், அவர் யாராலும் போகவில்லை என்று. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மாட்டியிருந்தால் அதையும் சொல்வேன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

இதையெல்லாம் அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஐந்து மாதமாகப் பேசாதவர்கள், கடைசி வரி முடிந்ததும் வாயைத் திறந்தார்கள்.

"போய்ப் பாருங்க மாப்பிள்ளை. மாட்டித்தான் இருந்துச்சுன்னா எனக்கு முதல்ல சொல்லுங்க."

உடம்பைப் பார்த்துக்கொள். வருகிறேன்.

அத்தான்